ஒருமுறைகூடக் கெடாத கருவி

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கண் ஆஸ்பத்திரியில், கருவி அறைக்கு வெளியே சுவரில் இருந்த பிளக்கில் என் போன் சார்ஜரைச் சொருகினேன்.

சின்னத் தவறு என்று எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. சொருகியதும் ஒரு மணி அடித்தது. அந்த மணி அடித்ததைத் தெரிவிக்க இன்னொரு மணி அடித்தது. மூன்று கதவுகள் திறந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். ரப்பர் கையுறை மாட்டிய ஒருவர் சார்ஜரைப் பிடுங்கி, செத்த எலியைத் தூக்குவதுபோல வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். வாலின் நுனியில் என் போன் தொங்கியதால் நானும் பின்னால் போனேன்.

மின்பணி படிப்பவர்கள் தினமும் குறிப்பு எழுத வேண்டும், செய்த தவறிலிருந்து தொடங்கி நடந்ததை வரிசையாக எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பு ஆசிரியரின் கட்டளை. தவறு எனக்குச் சுலபமாக வருகிறது. வரிசைதான் கஷ்டம். திரும்பத் தொடங்குகிறேன்.

அப்பா தையல்காரர். பகலில் நான் அவர் கடையில் பட்டன் தைக்கிறேன். அப்பாவுக்கு இடது கண் சிறுவயதில் அடிபட்டு அப்போதே போய்விட்டது. இத்தனை வருடமும் வலது கண்ணை வைத்துத்தான் தைத்தார். இப்போது அதில் புரை. போன வாரம் ஒரு சட்டைப் பையை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். சட்டைக்காரர் வந்து கேட்டபோது, "பிக்பாக்கெட்காரன் அங்க தேட மாட்டான்ல" என்றார். அவர் போன பிறகு அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் எடுக்கவில்லை.

இன்று காலை கண் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "புரையை எடுத்துட்டு லென்ஸ் வெச்சுடலாம். அதுக்கு முன்னாடி கருவியில கண்ணை அளக்கணும். சீக்கிரம் அளந்துட்டு வாங்க. இது முத்திக்கிட்டே போகுது. இன்னும் முத்தினா கருவியோட வெளிச்சம் உள்ளேயே போகாது. அளவு இல்லாம நான் லென்ஸ் வைக்க முடியாது."

"அளவு எடுக்காம யாரும் தைக்கக்கூடாது டாக்டர்" என்றார் அப்பா. "அதுல எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்ல."

அளக்கப் போனோம். கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரே திசையில் பார்த்தபடி, ஆனால் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பலகை: "கருவி நலமாக உள்ளது." பக்கத்தில் இருந்தவரிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "நேரமா?" என்றார் அவர், ஏதோ பழைய சொந்தக்காரர் பெயரைக் கேட்டதுபோல. போனில் மணி பார்க்கலாம் என்று எடுத்தேன். சார்ஜ் இல்லை. இங்கேதான் தவறு வருகிறது.

என்னை விசாரித்தவர் நுண்கருவி மின்னழுத்தக் காப்பாளர். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், டெஸ்டருக்கு ஓர் உறை, உறைக்கு ஒரு பட்டன்.

"இந்தச் சுமை யாரோடது?" கரண்ட் இழுக்கும் எதையும் அவர் சுமை என்றுதான் சொல்வார்.

"என்னோடதுதான் சார்."

"எந்த தைரியத்துல சொருகின?"

"சார்ஜ் இல்ல சார்."

"சார்ஜ் இல்லாதவங்க எல்லாம் சொருக ஆரம்பிச்சா நாடு என்னம்மா ஆகும்?"

வகுப்பில் இன்னும் அந்தப் பாடம் வரவில்லை.

அனுமதியில்லாமல் மின்சாரம் எடுத்தவர் கருவிப் பிரிவின் நேரடிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது விதியாம். கண்காணிக்கத் தனியாக ஆள் கிடையாது. ஆகையால் நான் எப்போதும் அவர்கள் கண்ணெதிரிலேயே இருக்கும்படி, என்னைப் பிரிவின் தற்காலிக உதவியாளராக நியமித்துவிட்டார்கள்.

வரும் வழியில் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "சார்ஜரைச் சொருகினதுக்கே வேலை குடுத்துட்டாங்க. தண்ணி மோட்டாரைச் சொருகியிருந்தா அந்த ஆளோட நாற்காலியையே குடுத்திருப்பாங்க."

கண் இன்னும் அளக்கப்படவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கருவியைப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள், உறைக்குள், உறைமேல் இன்னொரு உறைக்குள் இருக்கிறது. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் ஓர் அக்கா. "நான் இதை ஓட்டப் படிச்சவ" என்றார். "இப்போ தூசி தட்டறேன். அதுவும் மேல்உறையை மட்டும். உள்உறைக்குத் தனியா அனுமதி வாங்கணும்."

மின்சாரம் கருவிக்கு நேராக வருவதில்லை. கருவியைக் காக்க ஒரு ஸ்டெபிலைசர். ஸ்டெபிலைசரும் விலை உயர்ந்த பொருள்தான் என்று ஒருவர் கவனித்ததால், அதைக் காக்க இன்னொரு ஸ்டெபிலைசர். அந்த இரண்டாவது, முதலாவதைவிட நல்ல வகை. நல்ல பொருளை அப்படியே விடலாமா என்று அதற்கும் ஒன்று. வரிசை வராந்தா முழுக்கப் போய், படிக்கட்டில் இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் முடிகிறது. அங்கே கடைசி ஸ்டெபிலைசருக்கு முன்னால் ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அது அவருக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறதாம்.

என் வேலை முள்ளைப் பார்ப்பது. கூடத்து மூலையில் பெரிய வோல்ட்மீட்டர் ஒன்று இருக்கிறது. முள் சரியாக இருநூற்று முப்பதில், கொஞ்சமும் அசையாமல் நின்றால் நான் கை தூக்க வேண்டும். காப்பாளர் வந்து கருவியைப் போடுவார். இதுவரை அப்படி நின்றதில்லை.

நான் ஒன்று கவனித்தேன். சரியாகப் படித்தேனா என்பதில் சந்தேகம் உண்டு. கருவியின் பின்புறத் தகட்டில், நூறு வோல்ட் முதல் இருநூற்று நாற்பது வரை எதிலும் ஓடும் என்று போட்டிருந்தது. தயங்கித் தயங்கிக் காப்பாளரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பரிவோடு பார்த்தார். "அது கம்பெனிக்காரனோட தைரியம்மா. செஞ்சு வித்துட்டுப் போயிட்டான், தைரியமா இருப்பான். வெச்சிருக்கறவங்க நாமதானே. மின்சாரத்தை நம்பாத. வரும்போது சிரிச்சுக்கிட்டு வரும். நான் ஒண்ணு கேக்கறேன், இந்தக் கருவி வந்த நாள்ல இருந்து ஒரு தடவையாவது கெட்டிருக்கா?"

"இல்ல சார்."

"ஒரு பல்பு? ஒரு ஃபியூஸ்?"

"இல்ல சார்."

"சுத்துவட்டாரத்துல இந்தப் பெருமை வேற எந்த ஆஸ்பத்திரிக்கும் கிடையாது."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊசி கோக்க நூலை என்னிடம் நீட்டியபடி, "தைக்காத சட்டை கிழியாதும்மா" என்றார்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று ஆஸ்பத்திரியே சேர்ந்து முயன்றது. அதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் பேட்டரிகள். கரண்ட் போனால் கருவியைத் தாங்க ஓர் அறை நிறைய பேட்டரிகள் இருக்கின்றன. பேட்டரி சூடாகக்கூடாது, ஏசி வேண்டும். ஏசி ஓடத் தொடங்கினால் முள் சட்டென்று கீழே இறங்குகிறது. முள் இறங்கினால் கரண்ட் போய்விட்டதென்று பேட்டரிகள் வேலை செய்யத் தொடங்கிச் சூடாகின்றன. ஏசியை நிறுத்தினால் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது, சூட்டைத் தவிர. எனவே காத்திருக்கும் நோயாளிகள் முறை வைத்து, தங்கள் கேஸ் கட்டுகளால் பேட்டரிகளுக்கு விசிற வேண்டும் என்று ஏற்பாடு.

அப்பா இரண்டாவது வரிசையில் நின்று உற்சாகமாக விசிறினார். பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்.

"நீங்க விசிறறது பேட்டரி இல்லீங்க, என்னோட தொடை" என்றார் வாத்தியார்.

"அதான் பாத்தேன், பேட்டரி வேட்டி கட்டியிருக்குதேன்னு."

"அது வேட்டி இல்ல, பேன்ட்."

"பாத்தீங்களா, நான் எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கணும்."

அடுத்து, கட்டிடத்தில் மற்ற சுமைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கேன்டீன் மிக்சி, மேல்மாடி மின்விசிறிகள், தண்ணீர்க் குளிரூட்டி. ஒவ்வொன்றும் நிற்க நிற்க முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இருநூற்று இருபத்தெட்டில் நின்றது. காப்பாளர் யோசித்து, லிப்டை நிறுத்தச் சொன்னார். லிப்டில் டாக்டரம்மா இருந்தார்.

கதவு இடுக்கு வழியாக அவர் குரல் வந்தது. "முள் எங்க நிக்குது?"

"இருநூத்தி இருபத்தொம்பதுல, டாக்டர்" என்றேன்.

"நான் எங்க நிக்கிறேன்?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல, டாக்டர்."

"சரி. முள்ளுக்கு ஏதாச்சும் வேணும்னா சொல்லும்மா, குடுத்துடலாம்."

அப்போது முள் இருநூற்று முப்பதைத் தொட்டு நின்றது. அசையவே இல்லை. நான் கை தூக்கினேன். கூடம் முழுக்க எழுந்தது. அக்கா ஓடிப்போய் இரண்டு உறைகளையும் உருவினார். அப்பா கேஸ் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்து, தலைகூட வாரிக்கொண்டார். காப்பாளர் சுவிட்சில் கை வைத்து அழுத்தினார்.

கருவி ஓடத் தொடங்கியதும் முள் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. சுமை சேர்ந்தால் இறங்கும். வகுப்பில் முதல் வாரப் பாடம் அது. காப்பாளர் உடனே அணைத்துவிட்டார்.

பிறகு காப்பாளர் எல்லோர் பக்கமும் திரும்பினார். அவர் கண்களில் ஒளி வந்திருந்தது.

"இவ்வளவு நாளா நான் கேன்டீனைச் சந்தேகப்பட்டேன். லிப்டைச் சந்தேகப்பட்டேன். இன்னைக்குக் கையும் களவுமா பிடிச்சுட்டோம். இந்தக் கருவியோட மின்சாரத்தைக் கெடுக்கறது வேற யாரும் இல்ல. இந்தக் கருவிதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் தட்டினோம் என்று தெரியவில்லை. நானும் தட்டினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

டாக்டரம்மா இன்று அப்பாவின் கண்ணில் மறுபடி லைட் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வாரம் அளந்தா உண்டும்மா. அடுத்த வாரம் வெளிச்சம் போகுமான்னு என்னால சொல்ல முடியாது."

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இதே கருவி இருக்கிறதே, அங்கே போகலாமா என்று கேட்டேன்.

"போன மாசம் வரைக்கும் போயிருக்கலாம். அங்க இருந்து ஒரு குழு இங்க வந்து நம்ம காப்பாளர்கிட்ட கத்துக்கிட்டுப் போச்சு. இப்போ அதுவும் கெடறதில்ல."

மதியம் கடைக்குப் போனபோது அப்பா துணியைத் தடவித் தடவி வெட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் கத்தரி பட்டிருந்தது. "துணி சிவப்புன்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியதை வழக்கம்போலச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் காப்பாளரிடம் நேராகக் கேட்டேன். "சார், இந்தக் கருவி ஓடவே ஓடாதா?"

"யார் சொன்னா? அரையாண்டுக்கு ஒரு தடவை ஓடும். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வர்றார். அவர் முன்னால போட்டுக் காட்டணும்."

"அப்போ முள்ளு?"

"அதுக்கு முள்ளு பாக்க வேண்டாம். நோயாளிக்காகப் போட்டா அது பயன்பாடு. ஆய்வாளருக்காகப் போட்டா அது பராமரிப்பு. பயன்படுத்தினாத்தாம்மா பொருள் கெடும். பராமரிச்சா எப்படிக் கெடும்?"

ஆய்வுக்கென்று ஒரு பொம்மைக் கண் வைத்திருக்கிறார்கள். பஞ்சு வைத்த பெட்டியில், குட்டித் தண்டின்மேல் ஒரு கண்ணாடி உருண்டை. அதைத் தாங்கியில் பொருத்திக் கருவியால் அளப்பார்களாம். அதற்கும் நோயாளிச் சீட்டு உண்டு. பெயர்: பொம்மைக் கண். வயது: பொருந்தாது. உடன் வந்தவர்: காப்பாளர்.

அதைக் கையில் எடுத்தபோது அவர் குரலே மாறிவிட்டது. "இந்த மாதிரி ஒரு நோயாளி கிடைக்க மாட்டாங்கம்மா. இமைக்காது. இருமாது. எப்போ எப்போன்னு கேக்காது. எல்லாரும் இப்படி இருந்துட்டா இந்த ஆஸ்பத்திரியை எங்கேயோ கொண்டு போயிடுவேன்."

பிப்ரவரி 19, வியாழன்

பொம்மைக் கண்ணுக்குப் பாதுகாப்பு போதாது என்று காப்பாளருக்கு நேற்றுத் தோன்றியிருக்கிறது. இன்று ஓர் இரும்பு அலமாரி வந்து இறங்கியது. சாவி இல்லை, எண்களை அழுத்தினால் திறக்கும் மின்பூட்டு. பூட்டு நுட்பமான பொருள் என்பதால் அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் வைத்தார்கள். மின்னழுத்தம் சரியாக இருநூற்று முப்பதில் இல்லாவிட்டால் பூட்டு திறக்காது. திறந்தால் பூட்டுக்குக் கெடுதல் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பொம்மைக் கண்ணை உள்ளே வைத்து மூடினோம். மூடும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் முட்டாள்தனமாக இருப்பதால் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கேட்டிருக்க வேண்டும்.

காலையில் முள் இருநூற்றுப் பத்துக்கும் இருநூற்று இருபதுக்கும் நடுவே ஊஞ்சலாடியது. பூட்டு திறக்கவில்லை. காப்பாளர் எண்களை மெதுவாக அழுத்தினார், வேகமாக அழுத்தினார், கெஞ்சும் குரலில் சொல்லிக்கொண்டே அழுத்தினார். லிப்டை நிறுத்தலாம் என்றேன். லிப்டில் ஆய்வாளர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள்.

காப்பாளருக்கு நெற்றி வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "கருவி தயார். ஆய்வாளர் தயார். கண்ணு இல்லையேம்மா" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சொல்வது தவறாக இருக்கலாம் என்று தொடங்கிச் சொன்னேன். "சார், வெளிய எங்க அப்பா இருக்கார். அவருக்கு ஒரு கண்ணு இருக்கு."

"அது நிஜக் கண்ணும்மா."

"ஆமா சார்."

"உங்க அப்பா உயிரோட இருக்கார். அதுதான் இதுல சிக்கல்."

"நோயாளியா உக்காந்தாத்தானே சார் பயன்பாடு. பொம்மையா உக்காந்தா?"

காப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். சொந்த விதி தன் வீட்டுக் கதவைத் தட்டும்போது யாரென்று கேட்காமல் இருக்க முடியுமா? "அசையக்கூடாது" என்றார். "பேசக்கூடாது. முக்கியமா, நன்றி சொல்லக்கூடாது. பொம்மை நன்றி சொல்லாது."

அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும், "வாழ்க்கை பூரா அளவு எடுக்க வர்றவங்களை அசையாம நில்லுன்னு சொன்னவன் நான். எனக்கா தெரியாது?" என்றார். கருவியின் முன்னால் உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, வலது கண்ணுக்கு நேராக ஒரு ஓட்டை போட்டோம். துணிக்குள்ளிருந்து, "ஓரமே மடிக்காம விட்டிருக்காங்க" என்று முணுமுணுப்பு வந்தது. அக்கா துணியின்மேல் ஒரு தட்டு தட்டினார்.

ஆய்வாளர் வந்தார். உயரமானவர், கம்பீரமானவர். நேராக உள்ளே வந்து தீயணைப்புச் சிலிண்டருக்கு வணக்கம் சொன்னார். காப்பாளர் அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதுதானே பொம்மைக் கண்?" என்று கேட்டார் ஆய்வாளர், அக்காவைக் காட்டி.

"இல்ல சார், அது ஊழியர். பொம்மை இங்க இருக்கு."

ஆய்வாளர் குனிந்து கறுப்புத் துணியருகே முகத்தைக் கொண்டுபோனார். "போன தடவை சின்னதா இருந்துதே?"

"பெருசு பண்ணியிருக்கோம் சார்."

"மூச்சு விடற சத்தம் கேக்குது?"

"உள்ளே காத்தோட்டம் வெச்சிருக்கோம் சார். சூடாகக்கூடாதுல்ல."

"நல்லது. ரொம்ப நல்லது."

காப்பாளர் சுவிட்சைப் போட்டார். மூலையில் முள் நடனமாடியது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அது பராமரிப்பு என்பதால். கருவி மெல்ல முனகி விழித்துக்கொண்டது. அக்கா கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினார். திரையில் புகைபோல ஏதோ தெரிந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எண் வரவில்லை. மறுபடி. எண் வரவில்லை. வெளிச்சம் போகாத அளவுக்கு முற்றிவிட்டதா என்று நினைத்ததும், அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பொம்மையைக் கொஞ்சம் மேல பாக்கச் சொல்லும்மா" என்றார் அக்கா, என்னிடம் மெதுவாக.

"அப்பா, கொஞ்சம் மேல" என்றேன்.

பொம்மை மேலே பார்த்தது. கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. திரையில் எண்கள் வந்தன. அக்கா மறுபடி அளந்தார், அதே எண்கள். இன்னொரு தடவை அளந்தார். அதற்குத் தேவையில்லை, ஆசைக்காக அளந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

"அப்பான்னு கூப்பிட்டாங்களே?" என்றார் ஆய்வாளர்.

"பொம்மைக்குச் செல்லப் பேரு சார்" என்றார் காப்பாளர்.

ஆய்வாளர் தலையாட்டினார். பேனாவை எடுத்து, முகத்தைத் தாள்மேல் கிட்டத்தட்ட ஒட்டவைத்து, கருவி நலமாக உள்ளது என்று எழுதினார். பாதி மேசைமேல் எழுதினார். பிறகு காப்பாளரின் தோளைத் தொட்டு ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். நான் அலமாரிப் பக்கம் நின்றதால் காதில் விழுந்தது.

"உங்ககிட்ட ஒரு விஷயம். எனக்கும் ரெண்டு வருஷமா கண்ணு மங்கிட்டே வருது. எங்க போனாலும் கருவி நல்லா இருக்குன்னு சொல்றாங்க, நானே கையெழுத்தும் போடறேன், ஆனா அளக்க மட்டும் யாரும் விட மாட்டேங்கறாங்க. இந்தப் பொம்மை எழுந்ததும், அதே துணிக்குள்ள ஒரு நிமிஷம் நான் உக்காந்துக்கலாமா?"

காப்பாளர் திகைத்தார். "சார், நீங்க ஆய்வாளர்."

"ஒரே ஒரு பொம்மையை வெச்சுக் கருவியோட நலத்தை எப்படி முடிவு பண்றதுன்னு நான் கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

"போதாதுன்னு சொல்லுவேன் சார்."

"அப்போ கேக்கறேன்."

அப்பா துணியிலிருந்து வெளியே வந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்து, நினைவு வந்து மூடிக்கொண்டார். ஆய்வாளர் உள்ளே போனார். துணிக்குள் உட்கார்ந்தபடியே, பல வயதுப் பொம்மைகளை வைத்துச் சோதிப்பதுதான் முறையான பராமரிப்பு என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். கூடத்தில் இது எப்படித் தெரிந்ததோ, நான் கதவைத் திறந்தபோது எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். யாரும் இமைக்கவில்லை. யாரும் இருமவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும், "பொம்மை பாத்ரூம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டார்.

மதியம் முழுக்கக் கருவி ஓடியது. இடையில் இரண்டு முறை கரண்ட் போனது. பேட்டரிகள் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டன. அதற்குத்தான் அவற்றை வாங்கியதே என்று அக்கா சொன்னார். காப்பாளர் கடைசிவரை சுவிட்சின் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு பொம்மையும் எழுந்து போகும்போது, ஏதாவது புகையுமா என்று கருவியை முகர்ந்து பார்த்தார். எதுவும் புகையவில்லை. அவருக்கு அது ஏமாற்றமா ஆறுதலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. போகும்போது என்னிடம், "இவ்வளவு நேரம் ஓடியும் ஒரு யூனிட்கூடப் பயன்படுத்தலம்மா. எல்லாம் பராமரிப்பு" என்றார் பெருமையாக.

டாக்டரம்மா அளவுகளைப் பார்த்தார். மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"பொம்மைக்குப் புரை வந்து நான் பாத்ததில்ல" என்றார். "சரி, நாளைக்கே எடுத்துடலாம். சீட்டுல இருக்கற பேரைத்தான் கூப்பிடுவாங்க, அதை மாத்தணும்னா காப்பாளர்கிட்ட போகணும். போறீங்களா?"

"வேணாம் டாக்டர்" என்றோம் நானும் அப்பாவும், ஒரே நேரத்தில்.

நாளை: காலை ஆறு மணிக்கு அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். ஏழு மணிக்குள் அறுவை அறை வாசலில் இருக்க வேண்டும். "பொம்மைக் கண், வலது" என்று கூப்பிட்டதும் எழுந்து போகும்படி அப்பாவிடம் சொல்ல வேண்டும்.